பதினோராவது வளைவும் ஒரு சுவிட்சும்

அந்தக் குருவுக்குத் தாடி கிடையாது, காவி கிடையாது. கட்டைவிரலில் கறுப்பு டேப்பின் பசை மட்டும் எந்நேரமும் ஒட்டியிருக்கும். பெயர் மரகதம், வயது முப்பத்தெட்டு. ஆனைக்கல் மலைக்குப் பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு எதிரே வயரிங் கடை வைத்திருந்தாள். லாரியோ ஜீப்போ பைக்கோ, அதில் கரண்ட் ஓடுகிற வேலையெல்லாம் அவளுடையது.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் தெய்வசிகாமணி. காலேஜில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், ஆனால் ஒரு பல்பு மாட்டத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவருடைய சம்சாரம் சுலோச்சனா கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு நாள் காலையில் அவர் தன் அட்வென்ச்சர் பைக்கைக் கடை முன்னால் நிறுத்தினார். ஒட்டகம் மாதிரி உயரமான வண்டி. ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை தொங்கியது. பைக்குள் நான்கு எக்ஸ்ட்ரா லைட்டுகள்.

"இதை மாட்டிக் குடுங்க அம்மிணி."

"நான் மாட்ட மாட்டனுங்ணா."

"ஏனுங்க?"

"மலை ஏறற வண்டிக்கு ஓட்டறவங்கதான் வயர் போடோணும். மேல நின்னுபோச்சுன்னா அங்க நான் இருக்க மாட்டேன். நீங்க மாட்டுங்க, நான் சொல்லித் தர்றேன்."

அது அவள் கடையின் சட்டம். லாரி டிரைவர்கள்கூட அங்கே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயர் உரித்திருக்கிறார்கள். சிலர் திட்டிவிட்டுப் போவார்கள். போனவர்களில் பாதிப் பேர் மறு வாரமே திரும்பி வந்து உட்காருவார்கள். தெய்வசிகாமணி திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர், வந்த காரியத்தைக் கேட்டே விட்டார்.

"எத்தனை லைட்டு போட்டா அவ மறுபடி வண்டியில ஏறுவா?"

"யாருங்ணா?"

"என் சம்சாரம்."

போன வருஷம் ஆடி மாசம் நடந்தது அது. சுலோச்சனாவின் அக்கா வீடு மலைமேல் சோலையூரில் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் புருஷனும் பெண்டாட்டியும் பைக்கில் ஏறிப் போவார்கள். அன்றைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. பதினோராவது கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு ஜீப் வந்தது. ஒடித்தார், வண்டி சரிந்தது. அவருக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்கு இடது மணிக்கட்டு உடைந்து உள்ளே தகடு வைத்திருக்கிறது.

"கும்மிருட்டுங்க அம்மிணி. ஒண்ணுமே தெரியல."

டாக்டரிடமும் இதையேதான் சொன்னார். சுலோச்சனாவின் அக்காவிடமும், பால்காரரிடமும் அதே கும்மிருட்டுதான். சுலோச்சனா மட்டும் எதுவும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, "நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். இவர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு பைக்கில் போனார். "புரொபசர் சார் எஸ்கார்ட் வர்றாருங்கோ!" என்று கண்டக்டர் கத்துவார். கடைசி சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சுலோச்சனா எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிரிப்பு அவரைச் சுடவில்லை. முப்பத்தோரு வருஷமாக அவர் தோளில் இருந்த கை இப்போது இல்லை. அந்த இடம் வெறுமையாக இருப்பதை நினைத்தால் அவருக்கு அழுகையே வந்தது.

மரகதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்ததும் துணிப்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"சுவிட்ச் எங்கீங்ணா?"

"சுவிட்ச் எதுக்குங்க? சாவி போட்டா எரியோணும், சாவி எடுத்தா அணையோணும். நடுவுல எதுக்கு அணைக்கோணும்?"

மரகதம் எழுந்து போனாள். டிராயரைத் திறந்து ஒரு சின்ன சுவிட்சை எடுத்தாள். அதை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி டூல்ஸ் பெட்டி மேல் வைத்தாள். பிறகு வயர் உரிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் ஓடியது. விரலில் ஏழெட்டு வெட்டு. முதல் ஃப்யூஸ் பட்டென்று போனது, இரண்டாவதும் போனது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து லைட் என்று கரும்பலகையில் முப்பது வருஷம் வரைந்த படம், கையில் எடுத்தால் சேமியா மாதிரி சிக்கிக்கொண்டது. மாணவர்கள் தன்னை எப்படித்தான் சகித்துக்கொண்டார்களோ என்று அவருக்கே தோன்றியது.

தினமும் சாயங்காலம் அவர் கிளம்பும்போது மரகதம் ஒரு தரம் கேட்பாள்.

"சுவிட்சுங்ணா?"

"வேண்டாமுங்க."

சுவிட்ச் மேல் தூசி படிந்துகொண்டே வந்தது.

இருபத்திரண்டாம் நாள் வேலை முடிந்தது. சாவியைப் போட்டார். எதிரே பஸ் நிறுத்தம், அதில் ஒட்டியிருந்த கல்யாண போஸ்டர், பெஞ்சுக்கடியில் படுத்திருந்த நாய் எல்லாம் பட்டப்பகல் மாதிரி பளிச்சென்று தெரிந்தன. நாய் எழுந்து வேறு இடம் தேடிப் போய்விட்டது.

"எப்படி இருக்குதுங்க அம்மிணி?"

"வயர் நல்லாப் போட்டிருக்கீங்க" என்றாள் மரகதம். வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தி சுலோச்சனாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் தகடு வைத்த கையை நெற்றிக்கு நேரே வைத்து மறைத்துக்கொண்டாள்.

"கண்ணு கூசுதுங்க."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை எங்கூட வர்றியா?"

அவள் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"முதல்ல நீங்க தனியாப் போயிட்டு வாங்க."

ஒரு வருஷத்தில் அவள் வண்டியைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம் அது. தெய்வசிகாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாளே பொழுது சாயக் காத்திருந்து மலை ஏறினார்.

என்ன வெளிச்சம்! ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. ஓரத்து லாண்டானா புதரின் இலையில் இருந்த ஓட்டைகூடத் தெரிந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று வளைவுகளை எண்ணிக்கொண்டே போனார். பதினொன்று வந்தது. எதிரே வெளிச்சம் எதுவும் இல்லை, ஆகவே ஆளும் இல்லை என்று வளைவை அகலமாக எடுத்தார்.

ஆள் இருந்தார். மொபெட்டில் பீன்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிய மாதன், கண்ணை மூடிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பி ஓரத்து ஓடைக்குள் போனார். மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் பீன்ஸ்.

தெய்வசிகாமணி ஓடிப்போய்த் தூக்கினார். மாதனுக்கு முட்டியில் சிராய்ப்பு. மொபெட்டின் முகப்பு விளக்கு கழுத்து ஒடிந்து தொங்கியது.

"நீங்க வந்தது தெரியலீங்க" என்றார் தெய்வசிகாமணி.

"தெரியலையா? நான் லைட்டைப் போட்டுக்கிட்டுத்தானே சார் வந்தேன்!"

இருவரும் குனிந்து பீன்ஸ் பொறுக்கினார்கள். மாதன் நிமிரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க சார். கண்ணு எரியுது."

தெய்வசிகாமணி ஹேண்டில்பாரில் கையை வைத்துத் தடவினார். அணைக்க ஒன்றும் இல்லை. சாவியை எடுத்தார். மிச்ச பீன்ஸை இருட்டில் தடவித்தான் பொறுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார்.  நடந்ததைச் சொன்னார். மரகதம் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அவருக்கு அடி பலமாங்ணா?"

"முட்டியில சிராய்ப்பு. டிஞ்சர் போட்டு வீட்ல விட்டுட்டு வந்தேன். வண்டி லைட்டுதான் போச்சு."

"வண்டியைக் கொண்டாரச் சொல்லுங்க. நீங்களே சரி பண்ணிக் குடுங்க."

மாதன் மொபெட்டைக் கொண்டு வந்தார். தெய்வசிகாமணி மத்தியானம் வரை உட்கார்ந்து அதற்குப் புது வயர் போட்டு, விளக்கை நிமிர்த்திக் கட்டிக் கொடுத்தார். மாதன் சந்தோஷமாக ஒரு கை பீன்ஸை அள்ளி அவர் பையில் போட்டுவிட்டு மலை ஏறினார். இப்படிப்பட்ட மனுஷனையா ஓடையில் தள்ளினோம் என்று இவருக்கு உறுத்தியது.

"அம்மிணி, அவ்வளவு வெளிச்சம் இருந்தும் எனக்கு ஏன் தெரியல?"

மரகதம் டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"சாயங்காலம் போலாமுங்ணா."

ஆறரை மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அவர் பின்னால் ஏறிக்கொண்டாள். பதினோராவது வளைவுக்குக் கொஞ்சம் கீழே, ரோட்டோரத்து மண்ணில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நான்கு லைட்டும் எரிந்தபடி இருந்தன. எதிரே வளைவின் பாறை வெள்ளையடித்த சுவராக நின்றது.

"வண்டி வர்றது தெரிஞ்சா சொல்லுங்ணா."

அவர் உற்றுப் பார்த்தார். பாறை மட்டுமே தெரிந்தது. "ஒண்ணும் வர..." என்று வாயெடுப்பதற்குள் ஒரு ஜீப் பாறைக்குள்ளிருந்து குதித்த மாதிரி வந்து, ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே கீழே போனது.

"இப்பச் சாவியை எடுங்க."

எடுத்தார். இருட்டு அப்பிக்கொண்டது. சில்வண்டுச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரோடு மங்கலாக வெளியே வந்தது, அதற்குப் பிறகு மரங்கள், கடைசியில் பாறை.

"ஒண்ணும் தெரியலீங்க."

"ரோட்டைப் பாக்காதீங்க. பாறையைப் பாருங்க."

பார்த்தார். பாறையின் மேல் ஓரத்தில், மஞ்சள் கரைத்த தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு மினுக்கம். முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். அது மெல்ல அசைந்து கீழே இறங்கியது. பழக்க தோஷம், மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். பதினான்கு எண்ணி முடித்தபோது வளைவில் ஒரு மொபெட் திரும்பியது.

"சார்! லைட்டு நல்லா எரியுது!" என்று கத்திக்கொண்டே மாதன் அவர்களைக் கடந்து இறங்கிப் போனார்.

"பஸ்காரங்க, லாரிக்காரங்க எல்லாருமே வளைவுக்கு முன்னாடி லைட்டைக் குறைப்பாங்கங்ணா. அப்பத்தான் எதிர்ல வர்ற வண்டி வெளிச்சம் பாறையில தெரியும்" என்றாள் மரகதம். "எங்கப்பா இந்த ரோட்ல லாரி ஓட்டுனாரு. அவரு என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, பாறை மஞ்சளாச்சான்னு கேட்டுட்டே ஓட்டுவாரு."

 இருட்டில் தெய்வசிகாமணி தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

போன வருஷம் இதே இடம். இதே நேரம். அந்தத் தோளில் ஒரு கை இரண்டு தரம் தட்டியது. "ஏனுங்க, ஏதோ வருது" என்று சுலோச்சனா சொன்னாள். "ஒண்ணும் வரல, சும்மா உக்காரு" என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஜீப் வந்தது.

மறந்துபோனது என்று சொன்னால் பொய். கும்மிருட்டு கும்மிருட்டு என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, அதை அடியில் போட்டு மூடி வைத்திருந்தார். வெட்கம் தாங்காமல் வண்டியின் டேங்க் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"அன்னிக்கு அவ சொன்னாளுங்க அம்மிணி. அவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்களுக்கு ரோட்டைப் பாக்கற வேலை இல்லீங்களே" என்றாள் மரகதம். "மலையைப் பாத்துட்டு வந்திருப்பாங்க."

அவர் வீட்டுக்குப் போனபோது சுலோச்சனா மாதன் கொடுத்த பீன்ஸை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ சொன்னே."

கத்தி நின்றது.

"சொன்னேன்."

"நான் கேக்கல."

"ஆமா."

"ஒரு வருஷமா ஏன் சொல்லிக் காட்டல?"

"இருட்டு, இருட்டுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க. நான் வேற நடுவுல வந்து உங்களைப் பொய்யனாக்கோணுமா?"

"இருட்டுக்குப் பயந்துதான் நீ பஸ்ஸுல போறேன்னு நெனச்சேன்."

சுலோச்சனா ஒரு பீன்ஸின் நாரை நீளமாக உரித்து எடுத்தாள்.

"இருட்டு என்னங்க பண்ணும்? தட்டினா திரும்பாத தோளைப் புடிச்சுட்டு எப்படி உக்கார்றதுன்னுதான் பயம்."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஒரு வருஷம் அடக்கி வைத்த அழுகை, வந்தால் சீக்கிரம் நிற்குமா? அவரும் அழுதார். அன்றைக்குப் பொரியல் கொஞ்சம் தீய்ந்துதான் போயிற்று. இருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை சீடர் கடைக்கு வந்தார். டூல்ஸ் பெட்டி மேலிருந்த சுவிட்சை எடுத்து வேட்டி முனையால் தூசி துடைத்தார்.

"இன்னொண்ணும் வேணுமுங்க அம்மிணி."

"ரெண்டு எதுக்குங்ணா?"

அவர் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்த படத்தை நீட்டினார். மரகதம் விரலால் கோட்டைத் தொடர்ந்து போனாள்.

"மாடிப்படிக்குப் போடற மாதிரி, மேலயும் கீழயுமாங்ணா?"

"இல்லீங்க. அதுல ஒருத்தர் அணைச்சதை இன்னொருத்தர் போட்டுரலாம். இது வேற. ரெண்டு பேரும் போட்டாத்தான் எரியும். யாரு ஒருத்தர் வேணாம்னாலும் அணைஞ்சிரும்."

மரகதம் தாளை மறுபடி ஒரு தரம் பார்த்தாள். இரண்டாவது சுவிட்சை எடுத்துக் கொடுத்தாள். கூடவே, யாரையும் தொட விடாத தன் சொந்த டெஸ்டரையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம். பஸ் வரும் நேரம். சுலோச்சனா பையும் கையுமாக நிறுத்தத்துக்கு வந்தாள். எதிரே கடை வாசலில் பைக் நின்றது. அவர் கூப்பிடவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஒரு துணியால் டேங்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

அவளாகவே ரோட்டைக் கடந்து வந்தாள். ஒரு சுவிட்ச் ஹேண்டில்பாரில், அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொன்று பின்சீட்டுக் கைப்பிடியில் இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"இது எதுக்குங்க?"

"அது உனக்கு. முன்னாடி இருக்கற நாலு லைட்டுக்கு."

"வலப்பக்கமா வெச்சிருக்கீங்களே?"

"உனக்கு இடது கை ஆகாதில்ல."

அவள் வலது கையால் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சுவிட்சைத் தட்டினாள்.

"எரியலீங்களே?"

"நானும் போடோணும்."

அவர் தன்னுடையதைத் தட்டினார். நான்கும் எரிந்தன. அவள் அணைத்தாள், அணைந்தன. மறுபடி போட்டாள். எரிந்தன. மறுபடி அணைத்தாள். அடுப்பங்கரையில் புது மிக்ஸியைச் சோதிக்கிற மாதிரி இதை நாலைந்து தரம் செய்து பார்த்தாள். ஒருதரம்கூட அவர், போதும் நிறுத்து என்று சொல்லவில்லை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு குரல் கொடுத்தார்.

"ஏறுங்கக்கா, நேரமாச்சு!"

சுலோச்சனா தகடு வைத்த கையைத் தூக்கி, போ என்று ஆட்டினாள். பஸ் போனது. கடைசி சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு, ஒட்டக உயர வண்டியில் இருபுறமும் கால் போட்டு மெல்ல ஏறி உட்கார்ந்தாள். இடது கையை அவர் தோளில் வைத்தாள். தெய்வசிகாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவியைப் போட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு கடை வாசலில் நின்ற மரகதத்தைப் பார்த்தார்.

"அம்மிணி, முதல் நாளே உங்களை ஒண்ணு கேட்டேன். எத்தனை லைட்டு போட்டா இவ ஏறுவான்னு. நீங்க கடைசி வரைக்கும் பதிலே சொல்லலீங்க."

மரகதம் கட்டைவிரலில் ஒட்டியிருந்த டேப் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே சொன்னனுங்களே. சுவிட்ச் எங்கீங்ணான்னு கேட்டேன்ல?"